குறைந்த மார்க்கே 88 என்றார்

அமெரிக்காவில் நில அளவர் உரிமத்துக்குப் படிக்கிற நம்மவர்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கிற கொஞ்சப் பேரையும் ஒருவர் தேடிப்பிடித்து வகுப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் 1,450 டாலர் போனது. பணத்தை விடுங்கள், ஐந்து மாதம் ராத்திரி ராத்திரியாகத் தப்பாகப் படித்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஊரில் சிவில் முடித்துவிட்டு வந்தவன் நான். டெக்ஸாஸில் ஒரு சர்வே நிறுவனத்தில் நாலு வருடமாக வேலை. முதல் வருடம் முழுக்க வெயிலில் பிரிசம் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இப்போது பாதி நாள் களத்தில், பாதி நாள் ட்ராயிங்கில். வரைபடத்தில் முத்திரை குத்துகிற அதிகாரம் என் பாஸுக்கு, அவர்தான் உரிமம் பெற்றவர். அந்த முத்திரை எனக்கும் வேண்டுமென்றால் முதல் படி எஃப்.எஸ். எனும் நில அளவை அடிப்படைத் தேர்வு, பொறியியல், நில அளவை உரிமத் தேர்வுகளுக்கான தேசிய அமைப்பான என்.சி.இ.இ.எஸ். நடத்துவது. அதைத் தாண்டினால்தான் மாநிலச் சட்டத்துக்கான தேர்வு உட்பட மற்றதெல்லாம்.

அந்த வகுப்புக்காரர் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் அறிமுகம். முதல் அழைப்பிலேயே 'தம்பி' என்று ஆரம்பித்துவிட்டார்.

"போன வருஷம் நம்ம பசங்க 14 பேர் பாஸ் தம்பி. குறைஞ்ச மார்க்கே 88. ஒருத்தன் 95 வாங்கினான். ஃபெயில் ஆனா முழுப் பணமும் திருப்பித் தர்றேன், எழுதியே தர்றேன்."

எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழில் பாடம் நடத்துகிறார், சனி ஞாயிறு வகுப்பு, அண்ணன் மாதிரி பேசுகிறார். வங்கியிலிருந்து வங்கிக்கு நேராகப் பணம் அனுப்புகிற ஸெல் (Zelle) வழியாக அன்றைக்கே பணத்தை அனுப்பினேன். கிரெடிட் கார்டு வாங்குவீர்களா என்று கேட்டதற்கு, "அதுக்கு மூணு பெர்சென்ட் வெட்டுவான், நமக்குள்ள எதுக்கு?" என்றார். அந்த 'நமக்குள்ள' என்ற வார்த்தையில்தான் விழுந்தேன்.

வந்தது 600 பக்க பி.டி.எஃப். ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் 170 கேள்வி, 8 மணி நேரம். அது தாளில் எழுதிய காலத்துத் தேர்வு! 2014-லிருந்து எஃப்.எஸ். கணினியில்தான் நடக்கிறது. இப்போது 110 கேள்வி, விடையளிக்க 5 மணி 20 நிமிடம். இது எனக்கு அப்போது தெரியாது. எட்டு மணி நேரம் உட்கார்ந்து பழகினால் ஐந்து மணி நேரம் சுலபமாக இருக்கும் என்றுகூட யாரோ குழுவில் போட்டிருந்தார்கள், நானும் கட்டைவிரல் காட்டினேன்.

முதல் அடி களத்தில் விழுந்தது. பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில் மனையின் மூலை தேடிக்கொண்டிருந்தோம். பத்திரத்தில் முன்பக்கம் 150 அடி. மண்ணைத் தோண்டினால் பழைய இரும்புக் குழாய், அசையாமல் நிற்கிறது, 151.3 அடியில். நான் ரொம்பத் தெளிவாக, "பத்திரத்து அளவுதான் செல்லும், 150-ல் புதுக் கம்பி அடிப்போம்" என்றேன். 'எல்லைத் தகராறில் திசையும் தூரமும் முதலில், அடையாளக் கல் பிறகு' என்று அவருடைய பி.டி.எஃப். குறிப்பேட்டில் தடித்த எழுத்தில் இருந்ததை மனப்பாடம் செய்திருந்தேன்.

பாஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "சரி, யார் வேலியைப் பிடுங்கப் போகிறாய்?" என்று கேட்டார்.

வரிசை நேர்தலைகீழ். ஆறு, ஓடை போன்ற இயற்கை அடையாளம் முதலில். அடுத்து மனிதர் நட்ட கல், கம்பி, குழாய். அதற்கப்புறம்தான் திசை, பிறகு தூரம், கடைசியில் பரப்பு. முதலில் அளந்தவர் நட்ட அடையாளம் இடம் மாறாமல் கிடைத்தால் அது நிற்கிற இடம்தான் மூலை, பத்திரத்து எண் வேறு சொன்னாலும். வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே கேட்ட பாடம் இது. கண்ணால் பார்த்ததைவிட பி.டி.எஃப்.-ஐ நம்பினேன் பாருங்கள், அந்த வெட்கத்தை இங்கே எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. (ஒரே மூலையில் நாலு சர்வேயர் நாலு கம்பி அடித்து வைத்திருப்பதை இங்கே 'பின்குஷன்' என்பார்கள். இந்தக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு வந்தால் ஐந்தாவது கம்பி நம்முடையது.)

அன்று ராத்திரியே கணக்குகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். வெயிலில் எஃகு நாடா நீள்வதற்கான வெப்பத் திருத்தம், பாலபாடம். ஃபாரன்ஹீட்டில் ஒரு டிகிரிக்கு 0.00000645, அடிப்படை வெப்பநிலை 68 டிகிரி. 98 டிகிரி வெயிலில் 100 அடிக்கு 0.019 அடி வர வேண்டும். அவர் விடை 0.035. எப்படி என்று பார்த்தால், செல்சியஸுக்கு உரிய 0.0000116-ஐ எடுத்து ஃபாரன்ஹீட் வித்தியாசத்தால் பெருக்கியிருக்கிறார். இன்னொரு இடத்தில் ஒரு சங்கிலி 100 அடி என்று வைத்து ஏக்கர் கணக்கு. கன்ட்டர் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஊரில் சென்ட் கணக்கு தெரிந்த யாரிடம் கேட்டாலும் 435.6 சதுர அடி என்பார்கள். அது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, சரியாக 1,000 சதுர லிங்க். எங்கள் தாத்தாவுக்கே தெரிந்த கணக்கு.

டெக்ஸாஸ் விஷயம் இன்னும் மோசம். கூட்டாட்சி அரசு நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்த முறையை, டவுன்ஷிப், ரேஞ்ச், 36 செக்ஷன், செக்ஷனுக்கு 640 ஏக்கர் என்று மூன்று வாரம் நடத்தினார். எஃப்.எஸ்.ஸுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. "டெக்ஸாஸ் நிலமும் இப்படித்தானா அண்ணே?" என்று கேட்டேன். "அமெரிக்கா பூரா ஒரே சிஸ்டம் தம்பி" என்றார். இல்லவே இல்லை. தனிக் குடியரசாக இருந்து 1845-ல் சேர்ந்தபோது டெக்ஸாஸ் தன் பொது நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது, அதனால் கூட்டாட்சி அரசின் சதுரக் கட்டம் இங்கே போடப்படவே இல்லை. இங்கே ஸ்பானிஷ் காலத்து வாரா என்ற நீள அளவு. ஒரு வாரா 33⅓ அங்குலம், ஒரு மைலுக்கு 1,900.8 வாரா, ஒரு லீக் என்கிற நிலப்பரப்பு 4,428.4 ஏக்கர். இது தெரியாமல் மாநிலத் தேர்வுக்குப் போகிறவனை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழுவில் என்னோடு டெக்ஸாஸ்காரர்கள் இன்னும் மூன்று பேர்.

மொத்த விஷயமும் உடைந்தது வீட்டில். என்.சி.இ.இ.எஸ்.-இன் தேர்வர் வழிகாட்டியை மனைவி சும்மா புரட்டிக்கொண்டிருந்தவள், "ஏங்க, பாஸானவங்களுக்கு மார்க்கே சொல்ல மாட்டாங்களாமே, பாஸ் இல்லாட்டி ஃபெயில் அவ்வளவுதானாம். அப்ப இந்த 95 யாருது?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? தேறாதவர்களுக்கு எந்தப் பகுதியில் எப்படிச் செய்தோம் என்று ஓர் அறிக்கை வரும். தேறியவர்களுக்கு எண் எதுவும் வராது. ஆக அந்த 88-உம் இல்லை, 95-உம் இல்லை, 14 பேரும் சந்தேகம். அந்த வழிகாட்டி இலவசம். தேர்வில் திரையில் தருகிற சூத்திரக் கையேடும் என்.சி.இ.இ.எஸ். தளத்தில் கணக்கு தொடங்கினால் இலவசமாகவே கிடைக்கும். எங்கே எந்த சூத்திரம் இருக்கிறது என்று அதில் தேடிப் பழகுவதுதான் பாதித் தயாரிப்பு. ஐந்து மாதத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே வழிகாட்டியில் தேர்வுக்கு அனுமதிக்கிற கால்குலேட்டர் பட்டியலும் இருந்தது. காசியோவில் எஃப்எக்ஸ்-115, எஃப்எக்ஸ்-991, எச்.பி.யில் 33எஸ், 35எஸ், டி.ஐ.யில் 30எக்ஸ், 36எக்ஸ் வகைகள், அவ்வளவுதான். அவர் சொல்லி நான் வாங்கியது டி.ஐ-89. அதை வைத்து இப்போது பையன் விளையாடுகிறான்.

இதையெல்லாம் அரைகுறை ஆசிரியர் என்று விட்டிருப்பேன். பதிவு எழுத வைத்தது வேறு. குழுவில் ஒருவர் தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று இவர் போட்ட செய்தி: "ஞாபகம் இருக்கிற கேள்வியெல்லாம் இன்னைக்கே டைப் பண்ணி அனுப்புங்க. 40 கேள்விக்கு மேல் தந்தா அடுத்த கோர்ஸ் ஃப்ரீ." தேர்வில் உட்காரும் முன் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். மீறினால் முடிவை ரத்து செய்யலாம், மறுபடி எழுதவிடாமல் தடுக்கலாம், உரிம வாரியத்துக்கும் செய்தி போகலாம். அவருக்கு உரிமம் கிடையாது, இழக்கவும் ஒன்றுமில்லை. மாட்டப்போவது டைப் செய்து அனுப்புகிற பையன்தான். அந்தப் பையனுக்குத் தனியாக எழுதினேன். "பரவாயில்ல அண்ணா, எல்லாரும் அனுப்புறாங்க" என்றான். விசாவில் இருக்கிறவன், வேலைக்கு இந்தத் தேர்வு வேண்டும். மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஃபெயில் ஆனா தர்றேன்னுதானே சொன்னேன், நீ இன்னும் எழுதவே இல்லையே?" என்றார். நியாயம்தான் பாருங்கள்! பாடத்தில் இருக்கிற தப்புகளைப் பட்டியல் போட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். வங்கியில் போய்க் கேட்டால், நீங்களே சம்மதித்து அனுப்பிய பணம், எங்களால் ஆகாது என்றார்கள். கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் தராத சேவைக்கு என்று தகராறு போட்டிருக்கலாம். அந்த மூன்று பெர்சென்ட்டின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யில் புகார் பதிந்திருக்கிறேன். என் ஒருவன் பணத்தை அவர்கள் மீட்டுத் தரமாட்டார்கள், ஆனால் புகார்கள் சேர்ந்தால் விசாரணைக்கு உதவும். இந்த வகுப்பில் ஏமாந்தவர்கள் நீங்களும் பதியுங்கள், ஐந்து நிமிட வேலை.

தேர்வுத் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறேன். என்.சி.இ.இ.எஸ். வெளியிடுகிற மாதிரித் தேர்வு ஒன்றை வாங்கினேன். சனிக்கிழமை காலை பாஸ் ஒரு மணி நேரம் எல்லைச் சட்டம் சொல்லித் தருகிறார், காபி என் செலவு. படித்ததை மறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. சங்கிலி என்றதும் கை இன்னும் 100 என்று எழுதப் போகிறது.

போன வாரம் வேறு பெயரில் புதுக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறது என்று ஒரு நண்பர் படம் எடுத்து அனுப்பினார். விளம்பரத்தில் இந்த முறை 21 பேர் பாஸ், அதிகபட்சம் 97. இலவச மாதிரிப் பாடம் என்று ஒரு பி.டி.எஃப். திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலேயே '170 கேள்விகள், 8 மணி நேரம்'. அந்த வரியை எங்கே பார்த்தாலும் அது இவர்தான்.