1,380 வெள்ளி போச்சு: டர்போ காருக்கு இன்டர்கூலர் பைப் செய்யக் கொடுப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காருக்கு அளவெடுத்து, வளைத்து, வெல்டிங் வைத்து இன்டர்கூலர் பைப் செய்து தருகிறோம் என்று சொல்லும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் என்னிடம் 1,380 வெள்ளி வாங்கிக்கொண்டு மோசடி செய்திருக்கிறது. புகார் கொடுக்கப் போவதால் கடைப் பெயரைப் போடவில்லை. சிங்கப்பூரின் கிழக்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றின் மாடியில், இரண்டு கார் நிற்கிற அளவு இடம். அவ்வளவுதான் சொல்வேன். பைப் செய்யக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்.

என் கார் 1.6 லிட்டர் டர்போ. கார் வைத்துக்கொள்வதற்கான உரிமச் சான்றிதழை, அதாவது சிஓஇ-ஐ, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி, உப்பி, ஓரத்தில் விரிசல் விட ஆரம்பித்திருந்தது. வயதான டர்போ காரில் இது சகஜம். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று கொதிக்கும் சூட்டுக்கே போய்விடும். அதைக் குளிர வைத்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் இன்டர்கூலர். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் (பூஸ்ட் என்பார்கள்) முதலில் வாங்குவது இந்தக் குழாய். உலோகத்தில் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். அது நல்ல யோசனைதான், இப்போதும் சொல்கிறேன். செய்கிறவன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கடைக்காரர் தமிழ் ஆள். பேச்சிலேயே தஞ்சாவூர்ப் பக்கம் என்று தெரிந்தது; என் மாமனார் ஊரும் அங்கேதான். பல வருடம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்ததாகச் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு குழாயை எடுத்து என் கையில் வைத்தார். அலுமினியம், தூக்கினால் எடையே தெரியவில்லை. டிக் (TIG) வெல்டிங் தையல் மீன் செதில்போல வரிசை பிசகாமல் படிந்திருந்தது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருந்தது. "தம்பி, இதேமாதிரிதான் உங்களுக்கும் வரும். பூஸ்ட் லீக் டெஸ்ட் போட்டு, நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் சாவியக் கையில குடுப்பேன். நம்ம ஆளுக்குத் தப்பா செய்வேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 700 வெள்ளியை அங்கேயே போன்வழி, பேநவ்-வில் அனுப்பினேன். கார் எடுக்கும்போது மீதி 680. மொத்தம் 1,380 வெள்ளி.

கார் கைக்கு வந்தபோது பைப் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். ஏன் என்று கேட்டேன். "சூடு தாங்குற பெயின்ட் தம்பி, சும்மாவே போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். பம்பரும் அடித்தட்டும் மாட்டியாகிவிட்டது, கீழே குனிந்தாலும் ஒரு முழம்கூடத் தெரியாது. காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் அந்த லீக் டெஸ்ட் போட்டாயிற்றா என்றதற்கு, "எல்லாம் ஆச்சு".

அந்த வாரக் கடைசியிலேயே தீவு விரைவுச்சாலையில் அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆடம் சாலை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரியைத் தாண்ட ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு வண்டியில் இழுவையே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. இன்ஜின் விளக்கு எரிகிறது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்த அடியில் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எப்படியோ ஓரத் தடத்துக்கு ஒதுக்கி நிறுத்தினேன். நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ-வின் எமாஸ் மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடம்வரை இழுத்துவிட்டது, விரைவுச்சாலையில் அது இலவசம். அந்த ஊழியர்களுக்கு நன்றி. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அவர் அன்று பட்ட பாட்டை இந்த ஆள் எந்தக் கணக்கில் எழுதுவார்?

போன் போட்டேன். "க்ளாம்ப் லூசாயிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால ஒரு திருப்பு திருப்புங்க." மறுநாள் கேட்டால், "நீங்க பூஸ்ட் ஏத்திட்டீங்க, அதான்." என் காரில் டியூனிங்கே கிடையாது அண்ணே என்றேன். "அப்ப இன்டர்கூலர்லதான் கோளாறு." அப்புறம் திங்கட்கிழமை வரச் சொன்னார். போனேன், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்த பையன் "பாஸ் ஜேபி போயிட்டாரு" என்றான், அதாவது எல்லை தாண்டி ஜொகூர் பாருவுக்கு. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. கடைசியாக வந்தது ஒரே வரி: "கஸ்டம் வேலைக்கு வாரன்டி கிடையாது." கொடுத்த ரசீதில் 'பைப் வேலை 1,380' என்று மட்டும் கையால் எழுதியிருக்கிறது. என்ன உலோகம், என்ன அளவு, ஒன்றும் இல்லை.

உட்லண்ட்ஸில் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பம்பரைக் கழற்றினார், தட்டிலிருந்த காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்தார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டுமா? வாசல் கேட் செய்யப் போடுகிற இரும்புக் குழாய்! வளைக்கக்கூட இல்லை, சாய்வாக அறுத்து, மூலைக்கு மூலை ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். வெல்டிங் பொரிப்பொரியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. விரலை விட்டேன், கீறிவிட்டது. அதில் உதிர்ந்த இரண்டு மணிகள் இன்டர்கூலர் வாயில் கிடந்தன. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் இருக்கும் பைப் என்பதால் அங்கே தங்கின. இன்டர்கூலருக்கு அந்தப் பக்கம் போகிற பைப்பாக இருந்திருந்தால் நேரே இன்ஜினுக்குள் போயிருக்கும்.

கழன்ற காரணத்தையும் காட்டினார். குழாய் முனையைச் சுற்றி ஒரு மேட்டு வளையம் எழுப்ப வேண்டும், பீட் என்பார்கள். அதுதான் ஹோஸ் வழுக்கிப் போகாமல் பிடிக்கும். இதில் முனை மொட்டை. சிலிக்கான் ஹோஸுக்குப் பதில் ரேடியேட்டர் ரப்பர், டி-போல்ட் க்ளாம்புக்குப் பதில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சாதாரண க்ளாம்ப். ஒரு பார் பூஸ்ட்டில் இரண்டரை அங்குலக் குழாயைச் சுமார் 32 கிலோ விசை இணைப்பிலிருந்து பிடுங்கித் தள்ளும். மொட்டை முனையில், எண்ணெய்ப் பிசுக்கோடு, அந்த க்ளாம்ப் எப்படித் தாங்கும்? பைப் கழன்றால் சென்சார் அளந்த காற்று வெளியே போய்விடும், ஆனால் அந்தக் காற்றுக்குரிய பெட்ரோலை இன்ஜின் அடித்துக்கொண்டே இருக்கும். கரும்புகை அதனால்தான். அப்படியே ஓட்டியிருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிருக்கும் என்றார். லீக் டெஸ்ட்டா? அந்த முனையை வைத்துக்கொண்டு டெஸ்ட் போட்டிருந்தால் கடையிலேயே பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். போடவே இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார்.

இப்போது கம்பெனி ஹோஸையே வரவழைத்துப் போட்டாயிற்று. இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவிய செலவு தனி. 1,380 வெள்ளிக்குக் கிடைத்தது பழைய இரும்புக்கடைக்குப் போட வேண்டிய ஒரு குழாய். அதைத் தூக்கிப் போடவில்லை, அதுதான் என் சாட்சி.

நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதிரிக்குக் காட்டும் பைப்பை நம்பாதீர்கள். உங்கள் காருக்குச் செய்ததை, பெயின்ட் அடிக்கும் முன், மாட்டும் முன் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். காந்தம் வையுங்கள். முனையில் வளையம் இருக்கிறதா பாருங்கள். லீக் டெஸ்ட்டை உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். ரசீதில் உலோகத்தின் பெயர் இருக்கட்டும். இன்ஜின் பக்கம் எதை மாற்றினாலும் அது அனுமதி வேண்டிய வேலையா என்று எல்டிஏ தளத்தில் நீங்களே பாருங்கள், கடைக்காரர் வாயைக் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் போனவர்கள் கேஸ் (CASE) என்ற பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அல்லது சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது. 5,000 வெள்ளிவரையிலான தொகைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். வாட்ஸ்அப், பேநவ் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். நான் இன்றிரவே மனுவை நிரப்புகிறேன். அதுவரை, கிழக்குப் பக்க மாடிக் கடையில் யாராவது அலுமினியக் குழாயை உங்கள் கையில் வைத்து "நம்ம ஆளு" என்று ஆரம்பித்தால், ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.