எடையும் போச்சு, 15,000 ரூபாயும் போச்சு

நேற்று ராத்திரி வந்த பதிலைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம். எடை குறைக்கப் பந்தயம் கட்டச் சொல்லும் ஒரு செயலி. 15,000 ரூபாய் கட்டி, 12 வாரத்தில் 6 கிலோ குறைத்தால் முழுப் பணமும் மேலே 3,000-மும் வரும். தவறினால் பணம் அவர்களுக்கு. போனில் பேசிய பெண் பொறுமையாக விளக்கினார்: "சார், ஆயிரம் கிடைக்கிற சந்தோஷத்தைவிட ஆயிரம் போற வலி பெருசு. அந்தப் பயமே உங்களை ஓட வைக்கும்." புளுகு இல்லை. கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1979-லேயே சொன்னதுதான். 2008-ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஆய்விலும், பணம் கட்டியவர்கள் 16 வாரத்தில் சராசரியாக 14 பவுண்டு குறைந்தார்கள். பணப் பேச்சே இல்லாமல் முயன்றவர்கள் 4 பவுண்டுகூட இல்லை. இதெல்லாம் படித்திருந்ததால்தான் நம்பினேன். அந்த ஆய்வை நடத்தியவர்களுக்கு யார் தோற்றாலும் லாபமில்லை, இவர்களுக்கு நான் தோற்றால்தான் லாபம் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

பயம் என்னவோ வேலை செய்தது. ஐந்து இட்லி மூன்றானது. தீபாவளி அதிரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தேன். கடைசி நாள் விடியற்காலை எடை மெஷினை மொசைக் தரையில் வைத்து, அவர்கள் அனுப்பிய எண்ணைப் பேப்பரில் எழுதிக் காட்டி வீடியோ எடுத்தேன். 81.4. ஆரம்பத்தில் 87.9.

இரண்டே நாளில் "நிராகரிக்கப்பட்டது". ஏறுமுன் மெஷின் பூஜ்யம் காட்டுவது வீடியோவில் இல்லையாம். முதல் வீடியோவிலும்தான் இல்லை; பணம் வாங்கும்போது அது செல்லுபடியானதே! அந்தப் பெண் இப்போது போனை எடுப்பதில்லை. சாட்டில் தினம் ஒரு புது ஆள், ஒரே வரி: "உங்கள் சிரமம் புரிகிறது, 48 மணி நேரத்தில் பதில் வரும்." ஒன்பதாவது 48 மணி நேரம் நேற்று முடிந்தது. வந்த பதில்? இன்னும் 5,000 கட்டினால் பழைய 15,000-ஐ அடுத்த பந்தயத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். விட்டதைப் பிடிக்க மேலும் போடுவான் என்ற கணக்கு. ஒரு நிமிஷம் கை ஜிபே பக்கம் போனது, அதுதான் அசிங்கம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எதற்கெல்லாம் நிராகரிப்பார்கள் என்று முதலில் படியுங்கள். போனில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பந்தயம் கட்டியே தீரணும் என்றால் பணத்தை மச்சானிடம் கொடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

15,000 ரூபாய். வீட்டில் 5,000 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.