தவிட்டுக்கு ஒரு வரம்பு: மூன்று வருடமாக சால்வர் போட்டு மாட்டுத்தீனி கலக்கிறேன்

காரைக்குடி அருகே புதுவயல் பக்கம் எங்களுக்குப் பத்துக் கறவை மாடு, எல்லாம் ஜெர்சி கலப்பு. அடர்தீனி மட்டும் நாளுக்கு 50 கிலோ போகும். மூன்று வருடமாக வீட்டிலேயேதான் கலக்கிறோம், எதை எவ்வளவு போடுவது என்பதை எக்ஸெல்லில் இருக்கும் சால்வர் என்ற கணக்குக் கருவி சொல்லும். கடலைப்புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், உளுந்தம்பொட்டு, தவிடு என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வார விலையையும் சத்து அளவுகளையும் கொடுத்து, புரதம் 18 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் மலிவான கலவை எது என்று கேட்டால் ஒரு நொடியில் விடை வந்துவிடும்.

முதல் மாதம் பட்டது மறக்காது. இங்கே அரிசி ஆலைகள் அதிகம், தவிடு மலிவு, அதனால் சால்வர் தவிட்டை 60 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டது. அப்படியே கலந்தேன். பத்தாம் நாள் காலை தொழுவம் கூட்டிக்கொண்டிருந்த ஆத்தா கூப்பிட்டார்: "என்னப்பு, மாடெல்லாம் இப்படிக் கழியுது?" சாணி வறட்டி தட்ட முடியாத அளவுக்குக் கூழாகக் கிடந்தது. பால் சொசைட்டிச் சீட்டில் கொழுப்பு விழுக்காடு 4.2-லிருந்து 3.6. எண்ணெய் எடுக்காத தவிட்டில் 15 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கும், மொத்தத் தீனியில் கொழுப்பு கூடிப்போனால் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் மந்தமாகி, பாலில் கொழுப்பு இறங்கிவிடும். நான் கொழுப்புக்கு வரம்பே போடவில்லை, போடாத வரம்பை அது எப்படி மதிக்கும்?

1945-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுகளை வைத்து மனிதனுக்கு மிக மலிவான சத்துணவைத் தேடியபோதும் கோதுமை மாவு, முட்டைக்கோஸ், காய்ந்த பீன்ஸ் என்றுதான் வந்தது. தினம் யார் சாப்பிடுவார்கள்? ருசிக்கு வரம்பு இல்லையே. 1947-ல், வரம்புகளுக்குள் மலிவான விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் என்ற கணித முறையில் (அமெரிக்கக் கணித அறிஞர் டான்ட்சிக் கண்டது) அதே கணக்கைப் போட ஒன்பது பேருக்கு 120 ஆள்-நாள் பிடித்ததாம். சால்வருக்குள் ஓடுவதும் அதே முறைதான்.

இப்போது தவிடு 25 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. கடலைப்புண்ணாக்கு ஐப்பசி மழையில் பூசணம் பிடித்தால் நஞ்சு, அது பாலிலும் இறங்கும், அதனால் அதற்கும் 20-ல் கட்டு. அப்புறம், எந்தப் பொருளும் போன வாரத்தைவிட 100 கிலோவுக்கு 5 கிலோவுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, திடீரென்று தீனி மாறினால் மாட்டு வயிறு தாங்காது. இந்தக் கடைசி வரம்பு வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஒரு குறை உண்டு. ஆலைக்கு ஆலை தவிட்டில் உமி கூடும் குறையும், புத்தகத்து அளவை நம்ப முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி, வந்த எண்ணைத்தான் போடுகிறேன். செலவு கிலோவுக்கு 3 ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கிறது, மாதம் 5000 ரூபாய் மிச்சம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, விடையோடு சால்வர் தருகிற சென்சிடிவிட்டி ரிப்போர்ட். கலவையில் இடம் கிடைக்காத பொருள் இன்னும் எவ்வளவு விலை இறங்கினால் உள்ளே வரும் என்று அது காட்டும். போன தையில் எள்ளுப்புண்ணாக்குக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் என்று வந்தது. காரைக்குடியில் செக்குக்காரரிடம் பேசிப் பார்த்தேன், மூட்டையாக எடுத்தால் 5 குறைக்கிறேன் என்றார். இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன்.