கார் அலாரத்துக்கு வெளி ஆன்டெனா: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என்னுடைய பழைய ஹேட்ச்பேக் காரில் வெளிக்கடையில் பொருத்திய அலாரத்தின் ரிமோட், மூன்றாம் மாடியிலிருந்தே வேலை செய்யும் என்று சொல்லி விற்கப்பட்டது. ஆனால் வண்டியை நெருங்கி நின்று அழுத்தினால்தான் அது பூட்டியது. ரிமோட்டின் 12 வோல்ட் பேட்டரியை மாற்றியும் பலன் இல்லாததால், காருக்குள் ரிமோட்டின் சிக்னலைப் பெறும் ரிசீவரைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

டேஷ்போர்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதுமே காரணம் புலப்பட்டது. ரிசீவரின் ஆன்டெனாவாகிய மெல்லிய ஒயரை, பொருத்தியவர் மற்ற ஒயர்க் கட்டோடு சேர்த்து டேப் சுற்றி, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் செருகியிருந்தார். இந்த ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் என்பதால், அதில் கால்பங்கான 17 சென்டிமீட்டர் அளவுள்ள ஒயர், உலோகத்தைத் தொடாமல் நேராக நின்றாலே ஓரளவு நன்றாகச் சிக்னலைப் பிடிக்கும். நீளம் கூடினால் தொலைவும் கூடும் என்று ஒரு மீட்டர் ஒயரை ஒட்டவைப்பதில் பயனில்லை. செலவு செய்ய விரும்பாதவர்கள் இந்த ஒயரைக் கட்டிலிருந்து பிரித்து, முன்கண்ணாடியின் ஓரத்தில் நிமிர்த்தி ஒட்டிப் பார்ப்பதே முதல் வேலை.

நான் அதற்கு அடுத்த படிக்கும் சென்றேன். பழைய ஒயரை நீக்கிவிட்டு, மெல்லிய 50 ஓம் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஆன்டெனா முனையிலும், அதன் பின்னல் உறையைப் பக்கத்திலுள்ள கிரவுண்டிலும் (மின்சுற்றின் பொது இணைப்பு) பற்றவைத்து, காந்த அடி கொண்ட, கால்பங்கு அலைநீள ஆன்டெனாவைக் கூரையில் நிறுத்தினேன். கூரைத் தகடே கிரவுண்டாக உதவுவதால் பலன் வியக்கத்தக்கதாக இருந்தது. தெருமுனையில் நின்றும் பூட்ட முடிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வண்டி கழுவும்போதும் அதை எடுத்து வைப்பதும், மழைக்காலத்தில் கேபிள் நுழையும் கதவு ரப்பரை ஒட்டி நீர் கசிவதும் சலிப்பூட்டின. ஆகவே முன்கண்ணாடியின் மேல் மூலையில் உட்புறமாக ஒட்டும் ஆன்டெனாவுக்கு மாறினேன். தொலைவு சற்றுக் குறைந்தாலும் மூன்றாம் மாடிக்கு அது போதும். எப்போதாவது இரண்டாம் முறை அழுத்த நேர்கிறது. கோடை வெயிலில் அதன் பசை இளகியதால் ஒருமுறை டேப் மாற்றியதைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை. கேபிளைப் பக்கத் தூண் வழியாக இறக்குபவர்கள், அங்கே கர்ட்டன் ஏர்பேக் (மோதலின்போது பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் காற்றுப்பை) இருந்தால் அதன் விரியும் பாதையில் குறுக்கிடாதபடி அதற்குப் பின்னால் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆன்டெனாவைவிட முக்கியமான ஒன்று பிறகுதான் தெரியவந்தது. நிறுத்திய வண்டியிலும் இயங்கும்படி பேட்டரியில் நேரடியாக இணைத்திருந்த டேஷ்கேமின் மலிவான மின் அடாப்டர் எழுப்பிய ரேடியோ இரைச்சல், ரிசீவரின் காதை அடைத்துக்கொண்டிருந்தது. அடாப்டரை மாற்றி, ஒயரில் அந்த இரைச்சலைத் தணிக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிய பின் கிடைத்த முன்னேற்றம், விலை கூடிய ஆன்டெனா எதையும் வாங்கத் தேவையில்லை என்று எண்ணவைத்தது. திறந்த வெளியில்கூடத் தொலைவை இரட்டிப்பாக்க 6 டெசிபெல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அளவு) கூடுதல் வலிமை தேவைப்படும்போது, விரல் நீள ஆன்டெனாவின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய டெசிபெல் எண்களை நான் நம்புவதில்லை.

தொலைவு கூடியதால் ஒரு புதுத் தொல்லையும் வந்தது: சட்டைப்பையில் தற்செயலாக அழுந்தும் பொத்தானுக்கும், வீட்டுக்குள்ளிருந்தே, கார் இப்போது பதில் சொல்கிறது. கதவைத் திறக்காவிட்டால் சிறிது நேரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி என் அலாரத்தில் இருந்ததால் அதை இயக்கி வைத்திருக்கிறேன். அந்த வசதி இல்லாத அலாரத்துக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.