கிருமியில்லா எலும்பழற்சி: மாத்திரையா, ஊசியா, டிரிப்பா?

எலும்புக்குள் கிருமி கிடையாது. ஆனாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். 1972-இல் சுவிட்சர்லாந்தின் கீடியோனும் சகாக்களும் முதலில் விவரித்த சி.ஆர்.எம்.ஓ. (பல எலும்புகளில் திரும்பத் திரும்ப வரும் நாள்பட்ட அழற்சி) என்ற இந்தக் குழந்தைப் பருவ நோய்க்கு ஆன்டிபயாடிக் பலன் தராது. இருந்தும் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் அதைத்தான் விழுங்குகிறார்கள். எக்ஸ்ரேயில் தொற்று போலவே தெரிவதுதான் காரணம். புற்றுநோயும் காசநோயும் இல்லை என்று உறுதியாக, சில சமயம் எலும்பில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வரை போகவேண்டி வரும்.

முதலில் தருவது நாப்ராக்சன் போன்ற வலிமாத்திரை. விலை குறைவு. வலிக்கும்போது மட்டும் போட்டால் பயனில்லை, அழற்சி அடங்க தினமும் போட வேண்டும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். கால் எலும்பிலோ காரை எலும்பிலோ மட்டும் நோய் இருந்தால் பலருக்கு இதுவே போதும்.

இது கேட்காவிட்டாலோ, முதுகெலும்பில் நோய் இருந்தாலோ என்ன செய்வது? 2018-இல் வட அமெரிக்கக் குழந்தை மூட்டுவாத மருத்துவர்கள் மூன்று வழிகளை முன்வைத்தார்கள். ஒன்றோடொன்றை மோதவிட்டுப் பார்த்த பெரிய ஆய்வுகள் இல்லாததால் டாக்டருக்கு டாக்டர் தேர்வு மாறும்.

முதல் வழி, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட். மலிவு, ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். தினமும் என்று தவறாகப் படித்துப் போட்டால் உயிருக்கே ஆபத்து, சீட்டில் கிழமையை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசி. இது மூட்டு வீக்கமோ குடல் அழற்சியோ சேர்ந்திருப்பவர்களுக்குப் பொருத்தம். விலை அதிகம். உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால், நம் நாட்டில் அந்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்கவே கூடாது. சொரியாசிஸுக்கும் தரும் இதே ஊசி, சிலருக்குப் புதிதாகச் சொரியாசிஸைக் கிளப்பும் விநோதமும் உண்டு.

மூன்றாவது, எலும்பு கரைவதைத் தடுக்கும் பாமிட்ரோனேட் அல்லது சோலெட்ரோனேட் டிரிப். இது வலியைச் சீக்கிரம் குறைக்கும். முதல் டிரிப்பில் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். கால்சியம், வைட்டமின் டி, பல் மூன்றையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலக் கர்ப்பம் பற்றியும் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. இத்தனை இருந்தும், முதுகெலும்பு என்றால் என் ஓட்டு டிரிப்புக்கே. நசுங்கிய முள்ளெலும்பு பழைய உயரத்துக்கு முழுதாகத் திரும்புமென்று நம்பி உட்கார முடியாது.

அதனால்தான் முழு உடல் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். கால்வலி என்று வந்த பிள்ளைக்கு, வலிக்கவே வலிக்காத முதுகிலும் நோய் தெரிவதுண்டு.