டிவைடர் நல்லதுதான், அந்த கேபிள்தான்…

சங்கரன்கோவிலில் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர், "அண்ணாச்சி, 50 கேவி டிவைடர் விலை இறங்கியிருக்காமே, வாங்கலாமா?" என்று கேட்டார். 50 கேவி, அதாவது 50,000 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை ஒரு குறிப்பிட்ட பங்காகக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் அளவுக் கருவி அது. திருநெல்வேலி பேட்டையில் எங்களிடம் பல வருஷமாக ஓடுகிறது. போனில் சொல்லி மாளாது.

முன்பெல்லாம் டெஸ்டிங் டிரான்ஸ்பார்மரின் எல்டி (குறைந்த வோல்ட்) பக்கத்து வோல்ட்டை அதன் சுற்று ரேஷியோவால் பெருக்கி, "28 வந்தாச்சு" என்போம். 11 கேவி டிரான்ஸ்பார்மரின் எச்டி (உயர் வோல்ட்) காயிலுக்கு 28 கேவி, ஒரு நிமிஷம் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். பெரிய காயிலை மாட்டினால் அதுவே கெப்பாசிட்டராக நின்று, கணக்குக்கு மேலே ஏற்றிவிடும். டிவைடர் எச்டியிலேயே அளப்பதால் அந்த ஏமாற்று கிடையாது. எனக்கு உயிரான விஷயம், பீக்கை, அதாவது அலையின் உச்ச வோல்ட்டை, ரூட் 2-ஆல் வகுத்துக் காட்டும் பட்டன். இன்சுலேஷன் உடைவது அலையின் உச்சியில்தானே? உயர் வோல்ட் டெஸ்ட்டுக்கான சர்வதேசத் தரவிதி ஐஇசி 60060-ம் அப்படி வகுத்து வரும் எண்ணைத்தான் டெஸ்ட் வோல்டேஜ் என்கிறது. சாதாரண மீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் (சராசரி வகை) ரீடிங் இதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் சப்ளை அலை நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அக்கம்பக்கத்து யூனிட்கள் ஓய்ந்த பிறகுதான் டெஸ்ட்.

இப்போது டிவைடரிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளுக்கு வருகிறேன். எலி கடித்துவிட்டது. சர்வீஸ்காரர் 5 மீட்டருக்குப் பதில் 10 மீட்டர் போட்டுவிட்டு, "நீளமா இருந்தா வசதிதானே சார்" என்றார். வசதியாம்! கோ-ஆக்ஸ் கேபிளே ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். டிவைடர் என்பது மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு கெப்பாசிட்டர்; மீட்டர் அளப்பது கீழே உள்ளதை. கேபிள் அந்தக் கீழ்க் கெப்பாசிட்டரோடு பேரலலாகச் சேரும். எங்களுடையதில் மேலே 100 பிக்கோ, கீழே 0.1 மைக்ரோ, அதாவது ஒரு லட்சம் பிக்கோ. கூடுதல் 5 மீட்டர் என்றால் 500 பிக்கோ, அதாவது கீழ்க் கெப்பாசிட்டரில் அரை சதவீதம்; மீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். மீட்டர் 28 காட்டும்போது காயிலில் சுமார் 140 வோல்ட் அதிகம்.

டெஸ்ட்டுக்கு விதி 3 சதவீதம் வரை அளவுப் பிழையை விடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் காசு கொடுத்தது 1 சதவீதச் சான்றிதழுக்கு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை சங்கிலியாகப் போகும் அந்தச் சான்றிதழ் பழைய கேபிளோடு எடுத்தது. கேபிள் மாறினால் வெறும் தாள். மறுபடி மரப்பெட்டி, பார்சல் லாரி, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) கட்டணம். ஆடிக் காற்றுக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்று ராதாபுரம் காற்றாலைக்காரர்கள் கத்தியது தனி. இத்தனைக்கும் இரும்பு பீரோவைக் கிட்டே நகர்த்தினாலே ரீடிங் அசையும் சாமான் இது.

இன்றைய கோபத்தில் கேட்டால், வாங்காதீர்கள். மீறி வாங்கினால் கேபிளை எலி எட்டாமல் இரும்புக் குழாய்க்குள் விட்டு, அதன் நீளத்தைப் பெட்டி மேல் பெயிண்டால் எழுதி வையுங்கள்.