லோக்காப் முதல் கிளினிக் வரை: சுங்கை சிப்புட்டில் மனநல உதவி எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துக்கு மனநல மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. 1911-இல் திறந்த பஹாகியா மருத்துவமனை பக்கத்துத் தஞ்சோங் ரம்புத்தானில்தான் இருக்கிறது. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). காசும் தூரமும் இங்கே பெரிய குறையே இல்லை. ஒருவர் கைதாகி லோக்காப் (போலீஸ் காவல் அறை), நீதிமன்றம், சிறை என்று கைமாறும்போது அவருடைய மருந்து விவரம் கூடவே போகாமல் நின்றுவிடுகிறது. குறை இருப்பது அந்த இடத்தில்தான்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால் ரிமாண்ட் (விசாரணைக் காவல்) முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துப் பழகியவருக்கு இந்த நாள்கள்தான் கண்டம். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவரில் இல்லாத பூச்சியைத் தட்ட ஆரம்பித்தால் அது நடிப்பும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. உயிர் போகக்கூடிய நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மாத்திரையிலும் இதே சிக்கல். மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசாபின் 48 மணி நேரத்துக்கு மேல் தவறினால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம். 12.5 மில்லிகிராமில் தொடங்கி மறுபடி மெல்ல ஏற்ற வேண்டும். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்து பழைய டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அம்மாவுக்கு இதை யார் சொல்வது? மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள், நேரம் எல்லாவற்றையும் எழுதி, மருந்துச் சீட்டின் நகலோடு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் ரிமாண்ட் கட்டத்திலேயே மலேசியர்களுக்கு இலவசமாக வாதாடுகிறார்கள். உண்மையிலேயே நல்ல சேவை. ஆனால் ரிமாண்ட் விசாரணை சுருக்கமாக முடிந்துவிடும் என்பதால், மனநல சிகிச்சையில் இருப்பவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-ஆவது பிரிவில் குடும்பங்கள் ரொம்பவே ஏமாறுகின்றன. சித்த சுவாதீனம் சந்தேகம் என்றால் நீதிமன்றம் ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கச் சொல்லலாம். போதாவிட்டால் மேலும் இரண்டு மாதம் வரை நீட்டலாம். வழக்கை நடத்தும் நிலையில் ஆள் இருக்கிறாரா என்றுதான் இதில் பார்க்கிறார்கள். குற்றம் நடந்த நேரத்து மனநிலை வேறு விஷயம். அது தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு. அதில் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தாலும் நேரே வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைக்காதீர்கள். 348-ஆவது பிரிவின்படி மாநில ஆட்சியாளரின் (சுல்தானின்) விருப்பம் உள்ளவரை காவலில் வைக்கலாம், தேதி கிடையாது. சில மாதத் தண்டனையோடு முடியக்கூடிய சின்னத் திருட்டு வழக்கில் இந்த வாதத்தை எடுப்பதா என்று வழக்கறிஞரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

தொலைபேசி உதவிக்குக் குறை சொல்ல முடியாது. சுகாதார அமைச்சின் 15555 காலை 8 முதல் நள்ளிரவு வரை. மனம் தளர்ந்தவர்களிடம் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 இரவு பகல் எப்போதும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். வழக்கு வருமோ என்று பயந்து கூப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை.

விடுதலைக்கு முன்பே சிறை கிளினிக்கில் கடிதமும் மருந்தும் கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை வெளியே வருபவருக்குச் சனி, ஞாயிறுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். போதைப் பழக்கம் இருந்தவர் பழைய அளவு ஹெரோயினைத் தொட்டால் உடம்பு தாங்காது. முதல் இரண்டு வாரம்தான் அதிக ஆபத்து. விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஓடுகிறவருக்குத் தினசரி மாத்திரை தவறிக்கொண்டே இருக்கும். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டு, அடுத்த தேதியை வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.